இருபத்தெட்டு

ஃபிரிட்ஜுக்கென்று வாங்கிய பம்ப்.
கருங்கல் சந்தைக்குப் பின்னால் என் கடையில்
செப்புக் குழாய்களின் காற்றையும் ஈரத்தையும்
உறிஞ்சி உறிஞ்சி எண்ணெய் கறுத்தது.
இன்றைக்கு அதை பைக்கின் டாங்கில் வைத்துக்
குளச்சலுக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.
நாள் வாடகை அறுநூறு,
மதியம் சோறும் சாளைக் குழம்பும்.

றெஜினியின் கொட்டகை.
வள்ளத்தின் அச்சு மல்லாந்து கிடக்கிறது,
உள்ளே அடுக்கடுக்காகக் கண்ணாடி நார்,
மேலே பிளாஸ்டிக் உறை,
ஓரமெல்லாம் ஒட்டுப் பிசின்.
உறையை இழுக்க அவளிடம் வேறு பம்ப் உண்டு.
என்னுடையது வாளிக்கு.

மேசையில் ஒரு துண்டு:
போன வள்ளத்தை அறுத்து எடுத்தது.
ஆப்பத்தின் நடுவைப் போல
குண்டூசித் தலை அளவில் துளைகள்.
"அடுக்கினதுல குத்தமில்ல.
உறையில ஓட்டையுமில்ல.
ரெசினுக்குள்ளேயே இருந்த காத்து, பாத்துக்கிடுங்க."

நாலு லிட்டர் ரெசின், இருபது லிட்டர் வாளி.
இவ்வளவு பெரிசு எதுக்கு என்றேன்.
பதில் இல்லை.
ஷிபின் துடுப்புப் பலகையால் கிண்டுகிறான்.
"லேய், சாயா ஆத்துற மாதிரி ஆத்தாத."

பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரில்
தீப்பெட்டி அளவு ஒரு சதுரம் வெட்டி
நூலில் கட்டி உள்ளே இறக்கினாள்.
குமிழிக்கும் பிடித்து நிற்க
ஓர் இடம் வேண்டுமாம்.

வாளி பிரியாணி அண்டாவுக்குள்.
அண்டாவின் மேல் விரல் தடிமனில் கண்ணாடிபோல் மூடி.
பம்பைத் தட்டினேன்.
பத்து. பதினைந்து.
தேன் மாதிரி சும்மா கிடந்தது.
காற்றே இல்லை இதில் என்று
யாரிடமும் பந்தயம் கட்டியிருப்பேன்.

இருபதில் எழும்பியது.

எங்கே இருந்தது இத்தனையும்?
வெள்ளை வெள்ளையாய் மூச்சுமுட்டி மேலேறி
பாதி வாளி, முக்கால் வாளி,
விளிம்புக்கு நாலு விரல் கீழே.
"சாடீரும்க்கா, சாடீரும்!"
அவள் வால்வை ஒரு நூல் திறந்தாள்.
ஸ்ஸ். நுரை அமர்ந்தது.
மூடினாள். மறுபடி ஏறியது.
திறந்தாள். மூடினாள்.
நாலாவது தடவை யாரும் தொடாமலே
தன் பாரத்தில் தானே உடைந்து விழுந்தது.

பிறகு ஒன்று இரண்டாகத்தான்,
பச்சை நாரின் மூலையிலிருந்து,
பெரிய அவசரம் எதுவும் இல்லாமல்.

முள் இருபத்தெட்டில் நின்றது.
"போதும்ண்ணே."
என் பம்ப் இருபத்தொன்பதரை இழுக்கும்.
இருபது வருஷத் தொழிலில்
போதும் என்று ஒரு முள்ளிடம் சொன்னதில்லை நான்.
இன்னும் கொஞ்சம் பார்ப்போமே என்று
வால்வை முழுசாக இறுக்கினேன்.

ரெசின் கொதிக்கத் தொடங்கியது.
தீ இல்லை, சூடு இல்லை,
அண்டாவைத் தொட்டால் கடல்காற்றின் குளிர்ச்சி.
பம்பின் வாயில் காரமாக ஒரு வாடை வந்தது.

என் கையைத் தட்டிவிட்டு வால்வைத் திறந்தாள் றெஜினி.
"காத்து அப்பமே தீந்துபோச்சு.
இப்பம் வாறது ரெசினுக்க சரக்கு.
அதையும் உறிஞ்சி எடுத்தா
பெறவு என்னத்த வச்சு வள்ளம் கெட்ட?"

கேட்டலிஸ்ட் ஊற்றி, அலுங்காமல் கலக்கி,
குழாயை உள்ளே விட்டார்கள்.
வெள்ளை நார் ஓரத்திலிருந்து நனைந்து கறுத்து வந்தது,
வேட்டியில் தண்ணீர் ஏறுகிற மாதிரி.
ஒரு மணிக்கூர் யாரும் பேசவில்லை.
ஷிபின் மட்டும் ஒரு தடவை தும்மினான்.

மிச்சம் வாளியின் அடியில்
இரண்டு விரல் கனத்தில் இறுகிப்போனது.
வேண்டும் என்று கேட்டு வாங்கிவந்தேன்.
கடையில் பில்கள் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன்.
உள்ளே ஒரே ஒரு குமிழி,
கடைசியில் கலக்கியவனுடையதாக இருக்கும்.
ரசமட்டத்தில் நகர்வது போல் நகருமென்று
சும்மா இருக்கும்போது சாய்த்துப் பார்க்கிறேன்.
நகரவில்லை.

பம்புக்கு எண்ணெய் மாற்றிய காசை
அவளிடம் கேட்கவில்லை.